மாடுலர் எஸ்எம்பிஎஸ் அவசியமா?

கேள்வி: அண்ணே, புதுசா கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்றேன். ரைசன் 5 7600 பிராசஸரும் ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ் கார்டும் முடிவாயிருச்சு, உள்ள எல்லாத்துக்கும் கரண்ட் குடுக்குற எஸ்எம்பிஎஸ்லதான் குழப்பம். மதுரையில கடைக்காரர் ஃபுல்லி மாடுலர் 850 வாட்ஸ் போடுங்கண்டு சொல்றாரு, ஃப்ரெண்டு லோக்கல் 450 வாட்ஸே போதும்ங்குறான். இங்க கரண்ட் வேற அடிக்கடி போய்ப் போய் வருது. எதை வாங்க?
- வாசகர், உசிலம்பட்டி

பதில்: தம்பி, ரெண்டுமே வேணாம். அந்த பிராசஸர் முழு லோடுல 88 வாட்ஸ், கார்டு 115 வாட்ஸ், மதர்போர்டு, ஃபேன், ஃபைல் சேமிக்கிற எஸ்எஸ்டி எல்லாம் சேத்தாலும் முந்நூத்தத் தாண்டாது. 4060-க்கு அதத் தயாரிக்கிற என்விடியா கம்பெனி சொல்றதே 550 வாட்ஸ்தான், அதனால நல்ல கம்பெனி 550 போதும், பின்னாடி பெரிய கார்டு மாத்துற எண்ணம் இருந்தா 650 எடுங்க. ஆனா பெட்டியில போட்டுருக்க வாட்ஸ மட்டும் நம்பாதீங்க, சைடுல ஒட்டியிருக்க லேபிள்ல 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர்ண்டு பாருங்க. நல்ல 550-ல 45 ஆம்பியர் பக்கம் இருக்கும், அதாவது 540 வாட்ஸ். பிராசஸரும் கார்டும் இழுக்குறது அந்த 12 வோல்ட்லருந்துதான். லோக்கல் பீஸ்ல இந்தக் கணக்குதான் இடிக்கும்.

மாடுலர்ங்குறது கேபிளக் கழட்டி மாட்டுற வசதி, அம்புட்டுதான், அதனால வர்ற கரண்ட்டோட தரம் ஒண்ணும் கூடிராது. உங்களுக்கு செமி மாடுலரே போதும், ஏன்னா அதுல நிரந்தரமா இருக்குறது போர்டுக்குப் போற 24 பின்னும் பிராசஸருக்குப் போற 8 பின்னும், அது ரெண்டும் எப்படியும் மாட்டித்தான் ஆகணும். கேபினட் ரொம்பச் சின்னதா இருந்தா மட்டும் ஃபுல்லி மாடுலருக்குக் கூடக் காசு குடுக்கலாம்.

இத மட்டும் கட்டாயம் மனசுல வைங்க. மாடுலர் கேபிள ஒரு எஸ்எம்பிஎஸ்லருந்து கழட்டி இன்னொண்ணுல மாட்டவே கூடாது. போர்டுப் பக்கம் பின் வரிசை எல்லாத்துக்கும் ஒண்ணுதான், எஸ்எம்பிஎஸ் பக்கம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒரே கம்பெனியில மாடலுக்கு மாடலே மாறும், கச்சிதமா உள்ள போகும், ஆனா 5 வோல்ட் வர்ற எடத்துல 12 வோல்ட் வந்து எஸ்எஸ்டி ஹார்ட் டிஸ்க் எல்லாம் கருகிரும், உள்ள இருந்த ஃபோட்டோ ஃபைல் எல்லாம் போனது போனதுதான். மிச்சக் கேபிள அதோட பையிலயே மாடல் பேர எழுதிப் போட்டு வைங்க. செகண்ட் ஹேண்ட்ல கேபிள் இல்லாம வந்தா தொடாதீங்க.

கரண்டு கட்டுக்கு 600 விஏ யூபிஎஸ் ஒண்ணு போதும், 360 வாட்ஸ் தாங்கும், சேவ் பண்ணி ஆஃப் பண்ண நேரம் கிடைக்கும். வீட்டு இன்வெர்ட்டர்ல ஓட்டுறதா இருந்தா அது சைன்வேவா, அதாவது லைன் கரண்ட் மாதிரியே சீரான அலையா குடுக்குறதா இருக்கணும், ஸ்கொயர் வேவ்ல இந்த நல்ல எஸ்எம்பிஎஸ் சிலது சட்டுண்டு ஆஃப் ஆயிரும். வாங்குறதுக்கு முன்னாடி வீட்டு பிளக்ல எர்த் வருதாண்டு எலெக்ட்ரீஷியன விட்டுப் பாருங்க, கேபினட்டத் தொட்டா சுருக்குண்டு அடிச்சா பெரும்பாலும் எர்த் இல்லாததுதான் காரணம்.