எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வருவதில்லை, "உன் செருப்பு பேசினால் என்ன சொல்லும்?" போன்ற விளையாட்டுத் தலைப்புகளில் எழுதிப் பார்ப்பது உதவுமா?

உதவும். உங்கள் கேள்வியைப் பார்த்தால், முதல் வரியே நன்றாக அமையவேண்டும் என்ற பயத்தில் பேனாவை மூடி வைக்கிறவர் போலத் தெரிகிறது. நானும் பல வருடம் அப்படி இருந்தவள்.

கிளிநொச்சியில் எங்கள் ஊர் வாசிகசாலையில் சனிக்கிழமை பின்னேரங்களில் பிள்ளைகளோடு இதைச் செய்கிறேன். ஒரு தலைப்பு, பத்து நிமிடம். பேனாவைத் தாளிலிருந்து எடுக்கக்கூடாது, எழுதியதை வெட்டக்கூடாது, எழுத்துப்பிழை பார்க்கக்கூடாது. ஒன்றும் வராவிட்டால் "ஒன்றும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை" என்றே எழுதிக்கொண்டு போகவேண்டும். நாலாவது வரியில் கைக்கே அலுத்து வேறு ஏதாவது வந்துவிடும்.

ஒருநாள் தலைப்பு, "உங்கள் வீட்டுப் படலை பேசினால்?" "அக்கா, நீங்களும் எழுதுங்கோ" என்று பிள்ளைகள் விடவில்லை. சரி என்று எழுதினேன். பக்கத்து வீட்டு ஆடு தலையால் இடிப்பது, தம்பி சைக்கிளில் இருந்தபடியே காலால் தள்ளித் திறப்பது என்று படலை முறைப்பாடு சொல்லிக்கொண்டே போனது. திடீரென்று ஒரு வரி: "அவள் திரும்பிப் பார்க்கவில்லை."

2008 ஐப்பசியில் சண்டையால் தர்மபுரம் பக்கம் இடம்பெயர்ந்தபோது எனக்குப் பதினாலு வயது. வெளிக்கிடும்போது படலையைப் பார்த்துப் பார்த்து அழுதேன் என்றுதான் இத்தனை வருடமும் எல்லோருக்கும் சொல்லி வந்தேன், அதை நானும் நம்பினேன். உண்மையில் அந்த நேரம் உழவு மெசின் பெட்டியில் முன்பக்கமாக இடம் பிடிப்பதில்தான் நின்றேன். மழையில் நனைந்தபடி அப்பா படலையைக் கம்பியால் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார், நான் கூப்பிடக்கூட இல்லை. "இடம்பெயர்வு" என்று தலைப்புத் தந்திருந்தால் பழைய அழுகைக் கதையைத்தான் திரும்ப எழுதியிருப்பேன். படலை என்றபடியால் காவல் இல்லாமல் வந்துவிட்டது.

இதை வெளிநாட்டு விளையாட்டு என்று யாரும் சொல்லவேண்டாம். "பழைய குடையின் தன்வரலாறு" என்று நாங்கள் பள்ளிக்கூடத்தில் எழுதியது இதே விளையாட்டுத்தான். அதை ரியூசனில் பாடமாக்க வைத்துச் சாகடித்தார்கள். என் குடையின் கம்பி முறிந்தது என்று நான் எழுதியதற்குப் புள்ளி வெட்டினார்கள், மாதிரிக் கட்டுரையில் கம்பி முறியவில்லையாம். இன்றைக்கும் அந்தக் கோபம் எனக்குண்டு. இப்போது கொப்பி விலை வேறு. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு, சும்மா கிறுக்க ஒரு கொப்பி வாங்கித் தா என்று எந்தப் பிள்ளை தாயிடம் கேட்கும்? எங்கள் பிள்ளைகள் பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில்தான் எழுதுகிறார்கள்.

இது மருந்து என்று நான் சொல்லவில்லை. மனதைப் பாதித்தவற்றை நாலு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம் மாணவர்களை எழுதவைத்து ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் செய்த ஆய்வு 1986இல் வெளிவந்தது. எழுதி முடித்த கையோடு அவர்களின் மனம் முன்னையைவிடக் கனத்துத்தான் இருந்தது. அதனால் பிள்ளைகளிடம் இழப்பைப் பற்றி நேராகக் கேட்கவே மாட்டேன். வாசித்துக் காட்டவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நீங்களும் கை நடுங்கினால் நிறுத்திவிட்டு எழும்பி ஒரு தேத்தண்ணி குடியுங்கள். முதல் ஒரு கிழமைக்குச் செருப்பு, சட்டி, கிணற்று வாளி போதும்.

நான் எழுதியதை அன்று இரவே அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "கம்பி இல்லை பிள்ளை, உன்ர சைக்கிளின்ர பழைய ரியூப்" என்றார்.