நீலி எப்போது காதலிக்கலாம்?

வணக்கம் ஐயா,
பழையனூர் நீலி கதையைத் தழுவி ஒரு மிகைபுனைவு நாவல் எழுதுகிறேன். முற்பிறவியில் தன்னைக் கொன்றவனைப் பழிவாங்க வரும் பேய், கடைசியில் அவனையே காதலிக்கிறாள். 30 அத்தியாயங்களில் பத்தாவதிலேயே இருவரும் நெருங்கிவிடுகிறார்கள். படித்த தோழிகள் நம்ப முடியவில்லை என்கிறார்கள். தள்ளிப்போட்டாலோ கதை இழுக்கிறது. என்ன செய்யலாம்?
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் சிக்கலுக்கு வழி மூலக்கதையிலேயே இருக்கிறது. பரவலாகச் சொல்லப்படும் வடிவத்தில் முற்பிறவியில் அவளைக் கொன்று, இப்போது வணிகனாகப் பிறந்திருப்பவனின் கையில் ஒரு மந்திரவாள். அது இருக்கும்வரை நீலியால் அவனைத் தொட முடியாது. அவள் கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ‘இவர் என் கணவர்’ என்று ஊர்ச்சபையில் அழுகிறாள். அவன் ‘இவள் பேய்’ என்று கதறுகிறான், ஒருவரும் நம்புவதில்லை. 70 வேளாளர்கள் அவன் உயிருக்குத் தாங்கள் பிணை என்று சொல்லி வாளை வாங்கிவிடுகிறார்கள். இரவில் அவன் சாகிறான். கொடுத்த வாக்குக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். சம்பந்தர் தம் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே குறிப்பிடும் அளவுக்குப் பழைய கதை இது.

அந்தச் சபையில் நாம் யாருக்காகப் பதறுகிறோம்? கொலைகாரனுக்காக. அவர்களுக்குள் காதல் வருவதற்கு வெகு முன்பே வாசகர் மனம் இப்படிப் புரள வேண்டும். உங்கள் நாவலில் அது நடக்கவில்லை என்பதே என் ஊகம்.

ஈர்ப்பு மூன்றாம் அத்தியாயத்திலேயே வரட்டும், தவறில்லை. நம்பிக்கைதான் தாமதமாக வர வேண்டும், அதை வாளை வைத்து அளந்துகொள்ளுங்கள். முதலில் தலையணைக்கடியில் வைத்துத் தூங்குகிறான். பிறகு சுவரில் மாட்டுகிறான். நடுவில் ஒருநாள் பயத்தில் மறுபடி அவள்மேல் ஓங்குகிறான். அந்தப் பின்வாங்கல் கட்டாயம் வேண்டும். இந்த நாட்களெல்லாம் அவள் மனைவியாக நடிக்கிறாள். சோறு போடுகிறாள், முற்பிறவியில் அறிந்த அவன் பழக்கங்களை மறந்ததுபோல் மறைக்கிறாள். அந்த நடிப்பு எங்கே முடிகிறது என்று அவளுக்கே பிடிபடாத இடம்தான் உங்கள் நாவலின் உயிர். அங்கே அவசரப்படாதீர்கள், பத்துப் பக்கம் கூட எழுதலாம்.

மூலக்கதையில் வாளை ஊரார் வாங்குகிறார்கள். உங்கள் கதையில் அவனே கொடுக்க வேண்டும், அவள் யார் என்று தெரிந்தே. இருபத்தைந்தாம் அத்தியாயத்துக்கு முன் வேண்டாம். அதற்கு முன்னால் ‘உன்னைக் கொன்றது நான்தான்’ என்று அவன் வாயால் சொல்லியிருக்க வேண்டும். சாபம், ஆள்மாறாட்டம் என்று கொலையைத் துடைத்துவிடாதீர்கள். அப்படிச் செய்தால் அவளுடைய கோபத்துக்கு மதிப்பே இல்லாமல் போய்விடும்.

கதை இழுக்கும் என்ற கவலைக்கு அந்த எழுபது பேர் இருக்கிறார்கள். அவள் பழிவாங்கினால் அவர்களும் சாவார்கள். அவர்களில் இரண்டு மூன்று பேருக்கு வீடு, மனைவி, பேரப்பிள்ளை என்று கொடுத்து, நீலியை அந்த வாசல்களுக்கு அனுப்புங்கள். பத்தாம் அத்தியாயத்தில் இப்போதுள்ள முத்தத்தை எடுத்துவிட்டு அப்படி ஒரு வாசலை எழுதிப் பாருங்கள். எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், படிக்க ஆவலாக இருக்கிறேன்.