ஒரு பக்கம் மட்டும் இடுப்பு வலி: ஏலத்தோட்டத்திலிருந்து ஒரு கேள்வி

கேள்வி: நான் 44 வயதுப் பெண். போடிநாயக்கனூரிலிருந்து தினமும் ஜீப்பில் போடிமெட்டு வழியாக மலையேறி, உடும்பன்சோலைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறேன். ஒரு மாதமாக வலது பக்க இடுப்பில் மட்டும் வலி. ஜீப்பிலிருந்து இறங்கும்போதும் படுக்கையில் புரளும்போதும் உயிர் போகிறது. காலுக்கு இறங்கவில்லை. உடன் வேலை செய்பவர்கள் கிட்னிக் கல் என்கிறார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு தேய்ந்திருப்பதாகச் சொன்னார்கள். எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டுமா? பெல்ட் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகலாமா?

பதில்: இறங்கும்போது வலிக்கிறது, புரளும்போது வலிக்கிறது என்று நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு விவரங்கள் எக்ஸ்ரே படத்தைவிட எனக்கு அதிகம் சொல்கின்றன. சிறுநீரகக் கல்லின் வலி உடலின் அசைவைப் பொருட்படுத்துவதில்லை. அது கடைசி விலா எலும்புக்குக் கீழே, முதுகின் பக்கவாட்டில் எழுந்து, முன்புறமாகத் தொடை இடுக்கை நோக்கி இறங்கும். அலை அலையாக ஏறி இறங்கும். எப்படிப் படுத்தாலும் உட்கார்ந்தாலும் இருப்புக் கொள்ளவிடாது. குமட்டலோ சிறுநீரில் இரத்தமோ கூடவே வரலாம். அசைந்தால் கூடுவதும் அசையாமல் இருந்தால் அடங்குவதுமான வலி பெரும்பாலும் தசை, மூட்டு, தசைநார் ஆகியவற்றிலிருந்தே வருகிறது. ஆனாலும் மழையில் நனைந்து வேலை செய்யும்போதும், ஒதுங்க இடமில்லாத காரணத்தாலும் தோட்டத்தில் பெண்கள் நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருப்பதை அறிவேன் என்பதால், ஒருமுறை சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்வதில் தவறில்லை.

அடுத்ததாக, வலி எங்கே என்று ஒரே விரலால் தொட்டுக் காட்டிப் பாருங்கள். இடுப்புக்குக் கீழே, பிட்டத்தின் மேல் விளிம்பில், முதுகின் இருபுறமும் சிறு குழி போலத் தெரியும் இடத்தில் விரல் போய் நின்றால், முதுகெலும்பின் அடிப்பகுதியும் இடுப்பு எலும்பும் சேரும் சாக்ரோ இலியாக் மூட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஒற்றைக் காலில் எடையை ஏற்றும்போது, அதாவது ஜீப்பிலிருந்து ஒரு காலை ஊன்றி இறங்கும்போது, படியேறும்போது, படுக்கையில் புரளும்போது இந்த மூட்டு வலிப்பது வழக்கம் என்பதால் உங்கள் கடிதம் எனக்கு இதையே முதலில் நினைவூட்டுகிறது. விரல் அதற்கு மேலே, கடைசி விலாவுக்கும் இடுப்பு எலும்புக்கும் இடையில் உள்ள பட்டையான தசையில் நின்றால் அது தசைப்பிடிப்பாக இருக்கலாம். பின்னோக்கி வளைந்து வலப்பக்கம் திரும்பினால் மட்டும் சுரீரென்று குத்துமானால், முதுகெலும்பின் பின்புறத்துச் சிறு மூட்டுகளில் ஒன்று உறுத்துகிறது என்று கொள்ளலாம். டிஸ்க் விலகி நரம்பை அழுத்தும் வலியானால் பெரும்பாலும் முழங்காலைத் தாண்டிக் கீழே இறங்கும்; இருமினாலும் தும்மினாலும் கூடும்; பாதத்தில் மதமதப்பு இருக்கும். உங்களுக்கு அப்படி இல்லை. இந்த வகைகளை நேரில் பரிசோதித்தும்கூட எப்போதும் துல்லியமாகப் பிரித்துவிட முடியாது. ஆனால் தொடக்கத்தில் செய்ய வேண்டிய சிகிச்சை எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

வலி ஏன் ஒரு பக்கம் மட்டும் வருகிறது என்பதற்கு விடை, பல நேரங்களில், நாம் நாளைக் கழிக்கும் விதத்திலேயே இருக்கிறது. ஏலச்செடியில் காய் பிடிக்கும் சரங்கள் அடியில், தரையோடு படர்ந்து கிடப்பதால் காய் எடுப்பவர் குந்தியோ குனிந்தோதான் வேலை செய்தாக வேண்டும். அதுவும் சரிவான நிலத்தில். சரிவின் குறுக்கே ஒரே திசையில் நகர்ந்துகொண்டே போனால் மேட்டுப் பக்கக் கால் மடங்கியும் பள்ளத்துப் பக்கக் கால் நீண்டும் மணிக்கணக்கில் இருக்கின்றன. இடுப்பு எலும்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தே கிடக்கிறது. காய் நிறைந்த பையை இடது தோளில் மாட்டினால், உடல் இடப்பக்கம் சாய்ந்துவிடாமல் இழுத்துப் பிடிப்பது வலப்பக்கத்துத் தசை. சுமை ஒரு பக்கமும் வலி மறுபக்கமுமாக இருப்பதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள்; காரணம் இதுதான். இத்துடன், ஜீப்பின் பின்பக்கப் பலகையில் பக்கவாட்டாக அமர்ந்து, முகத்தையும் தோளையும் வண்டி போகும் திசைக்குத் திருப்பியபடி கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கிச் செல்லும் பயணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே மருந்துக்கு முன் மாற்ற வேண்டியவை இவை. ஒரு வரிசையை இடமிருந்து வலமாக முடித்தால் அடுத்த வரிசையை வலமிருந்து இடமாக எடுங்கள்; மேட்டுப் பக்கம் வரும் கால் மாறிவிடும். குனிந்தே நிற்காமல், மடித்த சாக்கின் மேல் ஒரு முழங்காலை ஊன்றி, மற்றொரு காலை முன்னால் வைத்து வேலை செய்யுங்கள். அரை மணிக்கு ஒருமுறை காலை மாற்றி, எழுந்து இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்து ஐந்தாறு முறை மெதுவாகப் பின்னோக்கி வளையுங்கள். அப்படி வளைவதே வலியைக் கூட்டினால் அதை விட்டு நாலடி நடந்தால் போதும். பையை முழுவதும் நிறையவிடாமல் அடிக்கடி காலி செய்யுங்கள். ஜீப்பில் போகும்போது ஒரு பக்கப் பலகை, வரும்போது எதிர்ப்பக்கப் பலகை என்று அமருங்கள். இறங்கும்போது குதிக்காமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலியில்லாத இடது காலை உறுதியாக ஊன்றி இறங்குங்கள். இவற்றில் சிலவற்றுக்குக் கங்காணியின் இசைவு தேவைப்படலாம். கூலி பிடித்துவிடுவார்கள் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் இந்த மாற்றங்களால் நீங்கள் எடுக்கும் காயின் எடை பெரிதாகக் குறையாது.

எக்ஸ்ரேயில் தெரிந்த தேய்மானத்துக்கு வருகிறேன். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன் படங்களைத் தொகுத்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், 40 வயதைத் தொட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு டிஸ்க் தேய்மானம் காணப்பட்டது. நரைத்த முடியைப் போல அது வயதின் அடையாளம். அதுவே வலிக்குக் காரணம் என்று முடிவுகட்ட முடியாது. காலில் பலவீனமோ, கீழே சொல்லப்போகும் எச்சரிக்கை அறிகுறிகளோ இல்லாத நிலையில் எம்.ஆர்.ஐ. இப்போது தேவையில்லை. அதில் ஏதாவது ஒன்று தென்படத்தான் செய்யும். தென்பட்டதைக் கண்டு பயந்து அசையாமல் கிடப்பதுதான் உண்மையான கெடுதல்.

வலி கடுமையாக இருக்கும் நாளில் ஒன்றிரண்டு நாள் ஓய்வு போதும்; அதற்கு மேல் படுத்தே இருந்தால் தசை இளைத்து வலி நீளும். மாலையில் 15 முதல் 20 நிமிடம் துணி சுற்றிய வெந்நீர்ப் பையால் ஒத்தடம் கொடுங்கள். வலிநிவாரணத் தைலம் தேய்த்த இடத்தில் உடனே ஒத்தடம் வைத்தால் தோல் வெந்துவிடும் என்பதைக் கவனியுங்கள். இடப்பக்கமாகப் படுத்து இரு முழங்கால்களுக்கும் இடையே தலையணை வைத்துக்கொண்டால் இடுப்பு முறுக்கிக்கொள்ளாது. புரளும்போது முழங்கால்களைச் சேர்த்து மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி புரளுங்கள்.

உடற்பயிற்சியில் இரண்டைத் தினமும் செய்தால் போதும். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, பிட்டத்தை இறுக்கித் தரையிலிருந்து உயர்த்தி ஐந்து விநாடி நிறுத்தி இறக்குவது ஒன்று. கையையும் முழங்காலையும் ஊன்றிய நிலையில் வலது கையையும் இடது காலையும் நீட்டி நிறுத்தி, பிறகு மாற்றிச் செய்வது மற்றொன்று. ஒவ்வொன்றும் பத்து முறை. வலி சற்று எட்டிப்பார்த்து அடங்கினால் தொடரலாம்; காலுக்குள் இறங்கினால் நிறுத்திவிட வேண்டும்.

பெல்ட்டைப் பொறுத்தவரை, மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் இடுப்பு வலிக்காக உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் அதை வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. உங்கள் வலி ஒரு மாதத்ததுதான் என்றாலும் என் கருத்தும் அதுவே: மலைப்பாதைப் பயணத்துக்கு மட்டும் சில நாள் கட்டிக்கொள்ளலாம், வேலை நேரம் முழுவதும் வேண்டாம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளையும் ஊசியையும் நாள்கணக்கில் தொடர்ந்தால் வயிற்றுப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரக்கூடும். இரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கவே கூடாது. மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், உழிச்சில் எனப்படும் எண்ணெய் மசாஜுக்குப் போக விரும்பினால் மிதமான எண்ணெய்த் தடவல் இதம் தரும், தடையில்லை. காலால் பிறந்தவர் மிதித்தால் சுளுக்கு போகும் என்று முதுகைக் காட்டுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

சிறுநீர் கழிக்க முடியாமல் போவது, மலமோ சிறுநீரோ தெரியாமல் கசிவது, தொடைகளின் உட்புறமும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்துப்போவது, இரு கால்களும் பலமிழப்பது ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் விடியும் வரை காத்திராமல் 108-ஐ அழைக்க வேண்டும். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் எண் அதுதான். குளிர் சுரத்துடன் சிறுநீர் எரிச்சலோ, மாதவிலக்கு தள்ளிப்போன நிலையில் ஒரு பக்க அடிவயிற்று வலியோ இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும். மாலைச் சுரம், எடை குறைதல், படுத்தாலும் அடங்காத இரவு வலி ஆகியவை சேர்ந்து வந்தால் முதுகெலும்புக் காசநோய் இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். வலிக்கும் பட்டையில் எரிச்சலுடன் நீர்க்கொப்புளங்கள் கிளம்பினால் அது அக்கி. அதற்கான வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை மூன்று நாளுக்குள் தொடங்குவது நல்லது.

இவை எதுவும் இல்லையென்றால் வேலைக்குப் போகலாம். மேலே சொன்ன மாற்றங்களையும் பயிற்சிகளையும் இரண்டு, மூன்று வாரம் விடாமல் செய்யுங்கள். அப்போதும் குறையாவிட்டால் போடி அரசு மருத்துவமனையிலோ தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ எலும்பு மருத்துவரிடம் காட்டி, இயன்முறை சிகிச்சைக்குக் கேளுங்கள். போகும்போது எக்ஸ்ரேயுடன், இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள்.