பொன்னாடைப் படம் வேண்டாம்!

கேள்வி: எங்கள் ஊரில் கண் தான அமைப்பு நடத்துகிறோம். கூட்டம் போட்டதும் எல்லாப் பத்திரிகைக்கும் செய்தி, படம் அனுப்புகிறோம். வந்தால் நாலு வரி, இல்லாவிட்டால் அதுவும் இல்லை. என்ன செய்தால் போடுவார்கள்?
- செயலாளர் ஒருவர், மன்னார்குடி

பதில்: நாலு வரி வந்ததே பெரிய விஷயம் சார். ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பில் வேலை பார்த்தவன் நான். உங்கள் செய்திக்குறிப்பைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். தலைவர் தலைமை தாங்கினார், பொருளாளர் முன்னிலை வகித்தார், சிறப்பு விருந்தினர் குத்துவிளக்கேற்றினார், இன்னார் நன்றி கூறினார். கண் தானம் என்ற பேச்சு கடைசிப் பத்தியில் எட்டிப் பார்க்கும். கூடவே பொன்னாடை போர்த்திய வரிசைப் படம். இதே அச்சில் வார்த்தது போல ஒரு கட்டு வரும் தினமும். சப் எடிட்டர் என்ன செய்வார், பாவம்!

உங்களிடம் உள்ள சரக்கே வேறு. இறந்த ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்தாக வேண்டும். அதுவரை இமையை மூடி மேலே ஈரப்பஞ்சு வைக்க வேண்டும், தலையைத் தலையணையில் சற்று உயர்த்த வேண்டும், ஃபேனை நிறுத்த வேண்டும். கண்ணாடி போட்டவர், சர்க்கரை உள்ளவர், கண்புரை ஆபரேஷன் செய்தவர்கூடக் கொடுக்கலாம். இதெல்லாம் எத்தனை வீட்டில் தெரியும்? கூட்டம் நிறைந்த துக்க வீட்டில் ஃபேனை நிறுத்தச் சொல்லிப் பாருங்கள், யாராவது ஒரு மாமா சண்டைக்கு வருவார். அதை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று எழுதுங்கள். யாரைக் கூப்பிட வேண்டும் என்ற போன் நம்பர் மேலேயே இருக்கட்டும். விருந்தினர் பெயர்கள் கடைசியில் போதும்.

ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 8 வரை தேசியக் கண் தான இருவாரம். அப்போது பத்திரிகைக்காரர்களே விஷயம் தேடுவார்கள். ஒரு வாரம் முன்னதாகவே உள்ளூர் நிருபரிடம் பேசிவையுங்கள். கண் கொடுத்த குடும்பத்தில் பேசச் சம்மதிப்பவர் இருந்தால் இன்னும் நல்லது. ‘பார்வை கிடைத்தவர் யார்?’ என்று நிருபர் நச்சரிப்பார். கண் வங்கிகள் அதை ரகசியமாக வைத்திருப்பது வழக்கம், நீங்களும் அசையாதீர்கள்.

அப்புறம், வானவில் எழுத்துருவில் அடித்து அனுப்பாதீர்கள். அது இல்லாத கம்ப்யூட்டரில் கட்டமும் கிறுக்கலுமாகத்தான் தெரியும். யூனிகோடில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் படத்தை டாக்குமெண்ட்டாக அனுப்பினால் தரம் குறையாது. கீழே யார் நம்பரைக் கொடுக்கிறீர்களோ அவர் அன்று ராத்திரி போனை எடுக்க வேண்டும். சந்தேகம் கேட்க ஆள் கிடைக்காத செய்தியை யாரும் தொடமாட்டார்கள்.

கேள்வி: நிருபர்களுக்குக் கவர் கொடுத்தால்தான் செய்தி வரும் என்கிறார்களே?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: டீயோடு நிறுத்துங்கள் அம்மா. வெளிநாட்டு நிதி வாங்கும் அமைப்பென்றால் வம்பே வேண்டாம். 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம், அந்தப் பணத்தை வாங்கக் கூடாதவர் பட்டியலில் நிருபர்களையும் சேர்த்திருக்கிறது.

கேள்வி: குழந்தைகள் இல்லம் நடத்துகிறோம். மீட்கப்பட்ட சிறுவனைக் காட்டச் சொல்லி டிவிக்காரர்கள் கேட்கிறார்கள். முகத்தை மறைத்தால் போதுமா?
- காப்பாளர், சேலம்

பதில்: போதாது. சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74-இன்படி பெயர், முகவரி, பள்ளி, படம் என அடையாளம் தெரியவைக்கும் எதுவும் வெளிவரக் கூடாது. மீறினால் 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட விதிக்கலாம். குழந்தையின் நலனுக்காக விதிவிலக்கு கொடுக்கும் அதிகாரம் சிறார் நீதி வாரியத்துக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்கும்தான். அப்பா அம்மா தலையாட்டியது கணக்கில் வராது.

‘கேமராவுக்கு ஏதாவது வேண்டுமே’ என்பார்கள். நியாயம்தான். உங்கள் பேட்டி, சமையற்கட்டு, பிள்ளைகள் வரைந்த ஓவியங்கள் எல்லாம் காட்டலாம். ஓவியத்தின் மூலையில் பெயரும் வகுப்பும் எழுதியிருக்கும், கொடியில் பள்ளிச் சீருடை காயும். கேமரா உள்ளே வருவதற்கு முன் ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள்.