வாசகர் கேள்விகள்: கவுன்ட்டிக்கு அபாயம் குறைவென்றால் வீட்டுக்கும் குறைவா?

கேள்வி: என் மகன் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், கிராமப்புறக் கவுன்ட்டி (நம் மாவட்டம் போன்ற பகுதி) ஒன்றில் வேலை பார்க்கிறான். ஓடையை ஒட்டிய பழைய வீடு ஒன்றை வாங்க எண்ணியிருக்கிறான். அந்தக் கவுன்ட்டிக்குப் பேரிடர் அபாயம் ‘ஒப்பீட்டளவில் குறைவு’ என்று அரசின் மதிப்பீடே கூறுகிறதாம். தானே புயலையும் ஃபெஞ்சல் புயலையும் கண்ட எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. அதை எந்த அளவுக்கு நம்பலாம்?
– வாசகர் ஒருவர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: உங்கள் மகன் பார்த்தது, ஃபெமா எனப்படும் அமெரிக்கப் பேரிடர் மேலாண்மை முகமையின் தேசிய இடர் குறியீடாக இருக்க வேண்டும். வெள்ளம், டொர்னேடோ எனப்படும் கடும் சுழல்காற்று, ஆலங்கட்டி மழை, வறட்சி என 18 வகை இடர்களால் ஆண்டுக்கு எவ்வளவு இழப்பு நேரக்கூடும் என்பதை டாலரில் கணித்து, மக்களின் நலிவு நிலைக்கேற்ப அதை உயர்த்தியும், மீண்டெழும் திறனுக்கேற்பத் தாழ்த்தியும் அக்குறியீட்டை வகுக்கிறார்கள். மொத்த இழப்பே அளவுகோலாக இருப்பதால், வீடுகள் நெருங்கிய நகர்ப்புறம் பட்டியலில் மேலே ஏறும்; மக்காச்சோள வயல்களுக்கு நடுவே ஆங்காங்கே வீடுகள் உள்ள கவுன்ட்டி கீழே இறங்கும். அழிவதற்கு அங்கே குறைவாக இருக்கிறது என்பதுதான் அதற்குப் பொருளே தவிர, காற்று அங்கே தணிந்து வீசும் என்பதல்ல.

பழைய பதிவுகளிலும் இந்தச் சாய்வு உண்டு. டொர்னேடோவின் வலிமையை இஎஃப்0 முதல் மிகக் கடுமையான இஎஃப்5 வரை தரம் பிரிப்பது, அது விட்டுச் சென்ற சேதத்தை வைத்துத்தான். ஆகவே வெறும் வயல்வெளியைக் கடந்து போன கடுஞ்சுழலும் ஏட்டில் சாதுவாகப் பதிவாகிவிடலாம். அதே அயோவாவில் பார்க்கர்ஸ்பர்க் என்னும் சிற்றூரை 2008 மே 25 அன்று இஎஃப்5 டொர்னேடோ தாக்கியது. 2020 ஆகஸ்ட் 10 அன்று ‘டெரெச்சோ’ எனப்படும் நேர்க்கோட்டுப் பெருங்காற்று அம்மாநிலத்தின் பயிரைப் பரந்த அளவில் சாய்த்தது.

எனினும், எனக்குக் கூடுதலாகக் கவலை தருவது அந்த ஓடைதான். கடலூர் மாவட்டம் முழுமைக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தால், தென்பெண்ணைக் கரை வீட்டுக்கும் ஆற்றைவிட்டுத் தொலைவில் மேட்டில் இருக்கும் வீட்டுக்கும் அதே எண்தான் விழும். 2024 டிசம்பரில் சாத்தனூர் அணை நீர் வந்தபோது அவ்விரண்டும் ஒன்றாக இருக்கவில்லை என்பதை நீங்களே அறிவீர்கள். ஆகவே கவுன்ட்டியின் எண்ணை ஒதுக்கிவிட்டு, வீட்டின் முகவரியைக் கொண்டு ஃபெமாவின் வெள்ள வரைபடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கிராமப்புற ஓடைகள் பலவற்றுக்கு, வெள்ள அபாயப் பகுதி என்பதைக் காட்டும் ‘ஏ’ மண்டலம் என்ற குறி மட்டுமே இருக்கும். வெள்ளம் எந்த மட்டம் வரை ஏறும் என்ற அளவு இருக்காது. அந்தக் குறையை ஈடுசெய்ய, 2008 வெள்ளத்துக்குப் பின் அயோவா பல்கலைக்கழகத்தில் அமைந்த அயோவா வெள்ள மையத்தின் வரைபடங்களும் ஓடை நீர்மட்ட அளவீடுகளும் உதவும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் கவுன்ட்டியின் இடர் தணிப்புத் திட்டத்தையும் கேட்டு வாங்கிப் படிப்பது நல்லது. எந்தச் சாலை, எந்தப் பாலம் முன்பு மூழ்கியது என்பது பெரும்பாலும் அதில்தான் கிடைக்கும்.

வீட்டில் நிலவறை உண்டா என்றும் கேட்கச் சொல்லுங்கள். டொர்னேடோவுக்கு அதைவிட நல்ல புகலிடம் வீட்டில் இல்லை. ஓடை பெருகினால் முதலில் நிரம்புவதும் அதுதான்.

கேள்வி: அமெரிக்காவில் அப்படி ஓடையை ஒட்டிய வீடு, ஃபெமா வரைபடத்தின் வெள்ள எல்லைக் கோட்டுக்கு வெளியே இருந்தால் வெள்ளக் காப்பீடு தேவையில்லை அல்லவா?
– வாசகி ஒருவர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: தேவை என்றே சொல்வேன். ஆண்டுதோறும் 1 சதவீத வாய்ப்புள்ள வெள்ளத்தைக் கொண்டு வரையப்படும் அக்கோட்டின் விளிம்பிலுள்ள வீட்டுக்கு, 30 ஆண்டுக் கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது வெள்ளம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 26 சதவீதம். கோட்டைத் தாண்டிய மறு அடியில் அது பூஜ்யமாகிவிடாது. அங்கே வழக்கமான வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்துக்குப் பணம் தருவதில்லை. அரசின் வெள்ளக் காப்பீட்டைத் தனியாக எடுக்க வேண்டும். வீட்டுக்கடனோடு சேர்த்து எடுக்காவிட்டால், அது பொதுவாக 30 நாள் கழித்தே நடைமுறைக்கு வரும்.