வேலையிடத்துக் கோச்சிங்கில் ஃபீட்பேக் உண்மையிலேயே உதவுமா? ஏஐ கருவிகளே அதைக் கொடுத்தால் போதுமா?

உதவும். ஆனால் எதைப் பற்றிச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான். வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் டீம் லீடராக இருக்கிறேன். புதியவர்களைப் பழக்குவது என் வேலை.

குழுவில் ஒரு பெண்ணிடம் மூன்று மாதமாக, "கஸ்டமர்கிட்ட இன்னும் கொஞ்சம் அக்கறையா பேசுங்க" என்று சொல்லிவந்தேன். தலையாட்டுவார், மறுநாளும் அப்படியேதான் பேசுவார். அவர் மேல் தப்பில்லை. எந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லவே இல்லையே. ஒருநாள் அவருடைய கால் ரெக்கார்டிங்கில் 40 விநாடி மட்டும் போட்டேன். "நான் ஏற்கெனவே ரெண்டு தடவை..." என்று கஸ்டமர் ஆரம்பிக்கிறார். அதற்குள் இவர், "ஆர்டர் நம்பர் சொல்லுங்க" என்கிறார். நான் வாயே திறக்கவில்லை. "இன்னொரு தடவை போடுங்க" என்றார். கேட்டுவிட்டு, "அவரை முடிக்கவே விடலையே நான்" என்றார். அன்று மதியம் பக்கத்தில் உட்கார்ந்து அவர் பேசுவதைக் கேட்டேன். கஸ்டமர் பேசி முடித்ததும் சின்ன இடைவெளி, அப்புறம்தான் கேள்வி.

1996இல் குளூகர், டெனிசி என்ற இரு ஆய்வாளர்கள் 600க்கும் மேற்பட்ட ஆய்வு முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சராசரியாக ஃபீட்பேக் வேலையை மேம்படுத்தியது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவற்றில் வேலை முன்பைவிட மோசமாகியிருந்தது. கவனம் வேலையை விட்டு 'நான் எப்படிப்பட்டவன்' என்பதற்குத் தாவும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். பாராட்டுக்கும் இது பொருந்தும்.

ஏஐ கருவிகளையும் இப்படித்தான் பார்க்கிறேன். 5,000க்கும் மேற்பட்ட சேவைப் பணியாளர்களை வைத்து 2023இல் வெளியான ஓர் ஆய்வில், சாட் நடக்கும்போதே அடுத்த பதிலை ஏஐ பரிந்துரைத்தது. ஒரு மணி நேரத்தில் தீர்த்துவைத்த புகார்கள் சராசரியாக 14 சதவீதம் கூடின; புதியவர்களுக்கு 34 சதவீதம் வரை. கைவசம் இருக்கும் வேலைக்கு, அந்த நிமிடத்திலேயே கிடைத்த உதவி அது. ஒருவர் பேசிய கால்களை ஏஐ அலசி, டாஷ்போர்டில் 'அக்கறை: 62' என்று போடுகிற மதிப்பெண் அப்படியல்ல. அந்த எண்ணைக் காட்டிப் பேச்சை ஆரம்பித்தால், எதிரே இருப்பவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார்.

கருவி எதுவானாலும் ஒன்றில் நான் பிடிவாதம். கோச்சிங்குக்கு எடுத்த ரெக்கார்டிங் அப்ரைசலுக்குப் போகாது என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். மேலிடத்தில் கேட்டாலும் கொடுப்பதில்லை. அந்த உறுதி இருந்தால்தான், "இன்னொரு தடவை போடுங்க" என்று ஒருவர் தானாகக் கேட்பார்.