பூட்ஸின் மேல் ஒரு உறை

அன்புள்ள ஐயா,

கொரிய இயக்குநர் போங் ஜூன்-ஹோவின் ‘மெமரீஸ் ஆஃப் மர்டர்’ படத்தை நேற்று பார்த்தேன். போலீஸ்காரர்கள் விடுகிற உதைக்கெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தேன். கடைசியில் துப்பறிவாளர் நம்மை நேராகப் பார்க்கும்போது உறைந்துவிட்டேன். உண்மைக் கொலைகாரன் 2019இல் தெரியவந்துவிட்டான் என்று பிறகு படித்தேன். விடை தெரிந்தபின் அந்த முடிவுக்கு மதிப்பு உண்டா? கொரியப் படங்களில் ஏன் இவ்வளவு வன்முறை?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மதிப்பு உண்டு. அது விடுகதை இல்லையே, விடை தெரிந்ததும் தூக்கிப்போட. கொரிய வன்முறை பற்றிய கேள்வி எனக்கு அலுத்துப்போன கேள்வி, விட்டுவிடுவோம்.

‘விழுந்து விழுந்து சிரித்தேன்’ என்ற இடத்தில்தான் எனக்குச் சுருக்கென்றது. முதல்முறை நானும் சிரித்தேன். அண்மையில் மறுபடி பார்த்தபோது முடியவில்லை. அதையே யோசித்துக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது.

உதைப்பதற்கு முன் அந்தப் போலீஸ்காரன் என்ன செய்கிறான், கவனித்தீர்களா? பூட்ஸின் மேல் ஒரு துணி உறையை மாட்டிக்கொள்கிறான். உடம்பில் தடம் தெரியக்கூடாது. அப்புறம் அடித்தவர்களும் அடிவாங்கியவனும் ஒன்றாக உட்கார்ந்து நூடுல்ஸ் தின்றுகொண்டே டிவியில் போலீஸ் தொடர் பார்க்கிறார்கள். அந்த உறை பழகிப்போன கையின் வேலை. அதைப் பார்த்தா சிரித்தீர்கள்?

படம் நிஜ வழக்கிலிருந்து எடுத்தது. தென் கொரியாவின் ஹ்வாசோங் பகுதியில் 1986 முதல் 1991 வரை பத்துப் பேர் கொல்லப்பட்டார்கள், எல்லோரும் பெண்கள். எட்டாவது, 1988 செப்டம்பரில், 13 வயதுச் சிறுமி, தன் வீட்டிலேயே. மறுவருடம் ஓர் இளைஞரைப் பிடித்தார்கள். 22 வயது, விவசாய இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர். தூங்கவிடாமல் வைத்திருந்து ஒப்புக்கொள்ள வைத்தார்கள். சுவரேறிக் குதித்து உள்ளே போனார் என்பது வழக்கு. இளம்பிள்ளை வாதத்தால் ஒரு காலை இழுத்து நடக்கிற மனிதர் அவர்! இதைக் கேட்கவேண்டியவர்கள் ஒருவரும் கேட்கவில்லை. ‘அவனே ஒப்புக்கொண்டான்’ என்ற ஒரு வரி போதுமாக இருந்தது. நமக்கும் அதுதானே போதும்? செய்தியில் அந்த வரி வந்ததும் ‘சரி, பிடித்துவிட்டார்கள்’ என்று அடுத்த பக்கம் புரட்டுகிறோம். எந்த அறையில், எத்தனை நாள் தூக்கமில்லாமல் என்று கேட்பதில்லை. அடித்து வாங்கிய வாக்குமூலத்தில் அடித்தவன் விருப்பம் மட்டும்தான் இருக்கும். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு ஆறாது.

ஆயுள் தண்டனை. 2009இல்தான் பரோலில் வந்தார். 2003இல் படம் வெளியாகி ஜனங்கள் திரையரங்கில் சிரித்தபோது அவர் உள்ளே இருந்தார், ஆர்.

உண்மைக் கொலைகாரனும் சிறையில்தான் இருந்தான், மனைவியின் தங்கையைக் கொன்ற வேறொரு வழக்கில், 1994 முதல். மரபணுச் சோதனையில் சிக்கினான், எட்டாவது கொலையையும் தான்தான் செய்ததாகச் சொன்னான். பழைய வழக்குகளுக்குக் காலவரம்பு 2006லேயே முடிந்துவிட்டதால் அவற்றுக்காக அவனைத் தண்டிக்க வழியில்லை. நீங்கள் உறைந்துபோன அந்தப் பார்வை அவனுக்காக வைத்தது. சிறையில் படத்தைப் பார்த்திருக்கிறான். ஒன்றும் தோன்றவில்லை என்று 2020 நவம்பரில் நீதிமன்றத்தில் சொன்னான். அடுத்த மாதம் சூவோன் நீதிமன்றம் அந்த இளைஞர் நிரபராதி என்று தீர்ப்பளித்து மன்னிப்பு கேட்டது. இளைஞர் என்றா எழுதினேன்? அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது.

கோபித்துக்கொள்ளாதீர்கள். தூக்கம் கெட்டதால்தானே எனக்கு எழுதினீர்கள், அந்த மனம் பெரிது. உதைத்தவனின் கால் கடைசியில் என்ன ஆகிறது என்று படத்திலேயே இருக்கிறது. மறுபடி பாருங்கள், உறை மாட்டும் இடத்தில் நிறுத்திவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்.